சுடாத சாலையும் விட்டமின் பாயும்

திருவண்ணாமலையில் பேய்க்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. மனைவிக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தச் சங்கத்தில் நானும் ஆயுள் உறுப்பினன். ஆனால் வாழைப்பழத்துக்குப் பயந்த ஒரே மனிதர் எங்கள் விட்டமின் பாய்தான். தள்ளுவண்டிக்காரர் வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தால் பாய் கடைக்குள்ளே பின்வாங்கிவிடுவார். ஒருமுறை தெருநாய் துரத்தியபோதுகூட அவர் அவ்வளவு வேகமாக உள்ளே போகவில்லை.

"அதுல பொட்டாசியம் ஜாஸ்தி சார்" என்பார், பழத்தின் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தி.

தேரடி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவருக்குச் செருப்புக் கடை. பக்கத்திலேயே எனக்கு ஜெராக்ஸ் கடை. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அதில் இருந்த இடைவெளி வழியாகக் காற்றும் வரும், பாயின் பயமும் வரும். கடையின் போர்டில் இருந்தது அவருடைய அத்தாவின், அதாவது அப்பாவின் பெயர். பாயின் சொந்தப் பெயர் அவர் வீட்டம்மாவுக்கும் ரேஷன் கடைக்கும் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் விட்டமின் பாய்.

வேடிக்கை என்னவென்றால், அவருக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. அதுதான் அவருடைய கவலையே. அடிக்கடி போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருவார். ரிசல்டைப் பார்த்ததும் முகம் தொங்கிவிடும்.

"நார்மல்னு வந்திருக்குது சார்."

"நல்லதுதானே பாய்?"

"மெஷின் ரிப்பேரா இருக்குமோ?"

அவருக்குக் கையில் ஒரு செல்போன் கிடைத்த நாள் முதல் அந்தச் சந்துக்கு நிம்மதி போனது. வாரத்துக்கு ஒரு விட்டமின், இல்லாவிட்டால் ஒரு தாது. எது கம்மியானால் சர்க்கரை ஏறும், எது ஜாஸ்தியானால் கிட்னி போகும் என்று யாராவது ஒருவர் அதில் பேசிக்கொண்டே இருப்பார். பாய் நடுங்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.

விட்டமின் ஏ வாரத்தில் அவர் கேரட் தின்ன ஆரம்பித்தார். வாரம் முடிந்தும் நிறுத்தவில்லை. ஒரு நாள் உள்ளங்கையைப் பார்த்தவர் பலகையைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். இரண்டு கைகளும் மஞ்சள் தேய்த்ததுபோல இருந்தன. மஞ்சள் காமாலைதான், ஆள் முடிந்தார் என்று முடிவுகட்டி, வீட்டுக்குப் போன் போட்டு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு டாக்டரிடம் போனார். டாக்டர் கண்ணைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"கேரட் நெறய சாப்பிடுவீங்களா?"

"கம்மிதான் டாக்டர். சோத்துக்குப் பதிலா மட்டும்தான்."

விட்டமின் டி வாரத்தில், அக்னி நட்சத்திர உச்சி வெயிலில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மொட்டைமாடியில் நின்றார். அங்கே வடகம் காயப்போட வந்த பெண்மணிகள் புகார் சொன்னார்கள். அதற்குள் பாயே தலைசுற்றி வடகத்தோடு வடகமாக விழுந்திருந்தார். இரும்புச் சத்து வாரத்தில் வீட்டில் டீ உட்பட எல்லாவற்றையும் இரும்புச் சட்டியில் காய்ச்ச வைத்தார். டீ கருப்பாக வந்தது, வீட்டம்மா கீழ்பென்னாத்தூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். குரோமியம் வாரத்தில் என் ஸ்கூட்டரின் குரோமியம் பூசிய பம்பரை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், குரோமியம் இருந்தா சுகர் கட்டுப்படுமாம். இதையா நக்கச் சொல்றாங்க?"

தான் மட்டும் பயந்தால் பரவாயில்லை. பாய் தாராள மனசுக்காரர். தன்னிடம் இருந்த பயத்தையெல்லாம் வாடிக்கையாளர்களுக்கும் பங்கு போட்டுக் கொடுத்தார். செருப்பு வாங்கப் போனவர்கள் இட்லியை விட்டுவிட்டு வந்தார்கள். வாரை மாற்றப் போனவர்கள் தூக்கத்தை விட்டுவிட்டு வந்தார்கள்.

அந்த வரிசையில்தான் பால் வந்தது. பால் விஷம், தயிர் விஷம், மோர் தண்ணீர் கலந்த விஷம் என்று பாய் பல மாதங்கள் பிரசாரம் செய்தார். சந்து முனை டீக்கடைக்காரர் கரண்டியோடு வந்து சண்டை போட்டார். பாய் அசையவில்லை. அந்தப் பிரசாரத்தை உட்கார்ந்து, உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டவள் ஒருத்தி இருந்தாள். என் மனைவி மல்லிகா.

மல்லிகாவுக்கு வருஷக்கணக்காகச் சர்க்கரை. காலையும் இரவும் மாத்திரை. மகளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆகவேண்டும் என்று அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டு கறி, மீன், முட்டை மூன்றையும் விட்டிருந்தாள். கல்யாணம் ஆனது, பேத்தி பிறந்தாள், பேத்தி பள்ளிக்கூடமும் போனாள். இவள் மட்டும் திரும்பவில்லை. "சாமிகிட்ட குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா? என்ன பேச்சு பேசறீங்க?" என்று என்னை அடக்கிவிட்டாள். பாயின் பேச்சைக் கேட்ட பிறகு பால், தயிர், மோரும் போயிற்று. மிச்சம் இருந்தது சோறும் குழம்பும் காய்கறியும் பிடிவாதமும்.

மாதாமாதம் பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிறவள், ஒரு சித்திரை மாதம் ஞாயிற்றுக்கிழமை பகலிலும் போக ஆரம்பித்தாள். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த நேரத்தில் கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு நடப்பவர்கள் நடப்பதில்லை, குதிப்பார்கள். வெள்ளை அடித்த ஓரத்தைத் தேடுவார்கள், மர நிழலுக்கு ஓடுவார்கள், ஈசனை விட அதிகமாக அம்மாவைக் கூப்பிடுவார்கள். மல்லிகா தார் ரோட்டின் நடுவில், கல்யாண மண்டபத்துக்குள் நுழைகிற மாதிரி நிதானமாக நடந்து போனாள்.

வீட்டுக்கு வந்தவளின் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"சுடவே இல்லைங்க. பஞ்சு மேல நடக்கற மாதிரி இருந்துச்சு. அவன் தாங்கிக்கிட்டான்."

செய்தி தெருவெல்லாம் பரவியது. பக்கத்து வீட்டு அம்மாள் வந்து மல்லிகாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எதிர்வீட்டுப் பையனுக்குப் பரீட்சை என்றால் ஹால் டிக்கெட்டை இவள் காலடியில் வைத்தார்கள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களிடமெல்லாம் நானும் பெருமையாகச் சொன்னேன். அருள் பெற்றவளின் புருஷன் என்பதால் டீக்கடையில் எனக்கு முதல் டீ வந்தது.

பாயும் கேட்டு வியந்தார். "எனக்கு எங்க கடை வாசப்படியே சுடுது சார்" என்று பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து மல்லிகா அவர் கடைக்குப் போனாள். செருப்பின் வாரைத் தைத்து வாங்கிப் போட்டுக்கொண்டு, அந்தக் கதை இந்தக் கதை பேசிவிட்டு, படியிறங்கிக் கோயில் பக்கமாக நடந்தாள். அப்போது நான் ஒருவருடைய ஆதார் கார்டைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் விழும் சத்தம் கேட்டது. வெளியே எட்டிப் பார்த்தால், பாய் ஒற்றைச் செருப்பைக் கையில் தூக்கிப் பிடித்தபடி தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்.

"அம்மா! நில்லுங்கம்மா! அம்மா!"

ஒரு பெண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதன் செருப்பை ஓங்கிக்கொண்டு ஓடினால் தேரடி வீதி சும்மா இருக்குமா? பூக்கடைக்காரர் எழுந்தார். ஆட்டோ டிரைவர்கள் இறங்கினார்கள். இரண்டு பேர் பாயை இடுப்போடு பிடித்துவிட்டார்கள். "யோவ், என்னய்யா பண்ற?" என்று ஒருவர் சட்டையைப் பிடிக்க, பாய் மூச்சு வாங்கிக்கொண்டு மல்லிகாவின் காலைக் காட்டினார்.

அவள் இடது காலில் செருப்பு இல்லை. அது படியிலேயே கழன்று நின்றுவிட்டது. அவள் ஒற்றைச் செருப்போடு அவ்வளவு தூரம் நடந்திருக்கிறாள். தெரியவே இல்லை.

"அட, ஆமாம்" என்று சிரித்துக்கொண்டே வாங்கி மாட்டிக்கொண்டு போனாள். ஊரும் சிரித்தது. நானும் சிரித்தேன். பாய் சிரிக்கவில்லை. கடைக்குத் திரும்பி வந்தவரின் முகத்தில் ரத்தமே இல்லை. அன்று முழுக்க ஒரு விட்டமின் பேச்சுகூட வரவில்லை. அந்த அமைதியே எனக்கு என்னவோ போலிருந்தது.

மறுநாள் பலகை இடைவெளியில் ஒரு கண் தெரிந்தது.

"சார், வீட்டம்மாவுக்குக் கால் மரத்துப் போகுதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல பாய். அவளுக்குத்தான் ரோடே சுடறதில்லையே."

கண் மறைந்தது. அந்தப் பக்கம் தொப்பென்று உட்காரும் சத்தம். சிறிது நேரம் கழித்துக் கண் திரும்பி வந்தது.

"சார், ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"ஒண்ணும் இல்ல சார்."

அந்த வாரம் முழுக்க இதே கதை. கண் வரும், கேட்கும், போகும். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் நெஞ்சில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று பின்னால்தான் சொன்னார். ஊரே அருள் என்று கும்பிடுகிற ஒன்றை வியாதி என்று சொல்ல வேண்டும். அதைத் தொப்பி போட்ட ஒரு ஆள் சொல்ல வேண்டும். "எங்க தாத்தா காலத்துலேர்ந்து இந்தச் சந்துல ஒண்ணா இருக்கோம் சார். என் வாயால ஒரு வார்த்தை தப்பா வந்து, அது வேற எங்கேயாவது போய் முடிஞ்சுட்டா?" வாழைப்பழத்துக்கே நடுங்குகிற மனிதர். இதற்கு எப்படி நடுங்கியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

சொல்லவும் முடியாமல், சும்மா இருக்கவும் முடியாமல், அந்த ஞாயிற்றுக்கிழமை பாய் ஒரு காரியம் செய்தார்.

மல்லிகா பகல் கிரிவலம் கிளம்பினாள். நான் குடையோடும் துண்டோடும் பின்னால் குதித்துக்கொண்டே போனேன். கொஞ்ச தூரம் போனதும் எங்களுக்கு முன்னால் ஒரு லோடு ஆட்டோ ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்பக்கத்தில் ஒரு பெரிய தண்ணீர் டிரம். டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தொப்பி நனைய, பிளாஸ்டிக் மக்கால் மொண்டு மொண்டு ரோட்டில் ஊற்றிக்கொண்டு வந்தவர் விட்டமின் பாய்.

"பாய், என்ன இது?"

"சேவை சார், சேவை. நீங்க நடங்க."

ஈர ரோடு கிடைத்ததும் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆந்திராவிலிருந்து வந்த பக்தர்கள் அரோகரா சொல்லிக்கொண்டு ஆட்டோவுக்குப் பின்னாலேயே வந்தார்கள். ஒரு சாமியார் ஆசீர்வாதம் செய்தார். யாரோ ஒருவர் பாயின் கையில் விபூதிப் பொட்டலத்தைத் திணித்தார். இன்னொருவர் போட்டோ எடுத்தார். பாய் யாரையும் பார்க்கவில்லை. அவர் பார்வை மல்லிகாவின் பாதங்களிலேயே இருந்தது. அவள் கால் எங்கே படப்போகிறதோ அங்கே தண்ணீர். அவளோ ஈரத்தை விட்டு விலகி, காய்ந்த இடமாகப் பார்த்து நடந்தாள். அருளைச் சோதித்துப் பார்க்கிறாளாம்.

அடி அண்ணாமலைக்கு முன்னாலேயே டிரம் காலியாகிவிட்டது. ஆட்டோ ஓரமாக நின்றது. ஆந்திரக் கூட்டம் நிழலுக்கு ஓடியது. மல்லிகா மட்டும் நடந்துபோய், கோயிலுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடிக் கல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

நான் அவள் வந்த வழியைப் பார்த்தேன். தண்ணீர் தீர்ந்து வெகு நேரம் ஆகிவிட்டது. ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் அவள் காலடித் தடங்கள் மட்டும் ஈரமாக இருந்தன.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பாய்க்குப் புரிந்துவிட்டது. ஓடிவந்து அவள் எதிரே ரோட்டில் மண்டியிட்டார். உடனே "யா அல்லா, சுடுது!" என்று அலறிக்கொண்டு எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கடைசியில் தன் தோள்துண்டைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, மல்லிகாவின் பாதத்தைத் திருப்பினார்.

இத்தனை வாரமாகத் தாக்குப்பிடித்த உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். பாதி உடைந்து தோல் உரிந்திருந்தது. குதிகாலில் ஒரு கண்ணாடித் துண்டு ஏறியிருந்தது. மல்லிகா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன், என்ன ஆச்சு? எனக்கு ஒண்ணும் வலிக்கலையே."

"அதாம்மா பயமா இருக்குது" என்றார் பாய். "சாமி தாங்கிக்கிச்சுனா கால்ல புண்ணு வராதும்மா. இது... இது வேறம்மா. நரம்பு செத்துப்போனா இப்படித்தான் சுடாது."

மல்லிகாவின் முகம் மாறியது. "என்ன பாய் பேசறீங்க? அண்ணாமலையார் குடுத்ததை வியாதின்றீங்களா?"

சுற்றி நின்றவர்களின் சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ ஒருவர் "யாரு இந்த ஆளு?" என்று கேட்டார். நான் குறுக்கே போய் நின்றேன். அவர் ஓடிப்போயிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். அவர் ஓடவில்லை.

"எங்க அத்தாவுக்கும் சுடலைம்மா" என்றார். "வாணியம்பாடி சந்தைக்குப் போய் வெறுங்கால்ல நின்னுட்டு வருவாரு. எனக்கு வைரம் பாஞ்ச காலுடா, செருப்பு விக்கறவனுக்குச் செருப்பு எதுக்குடானு பெருமையா பேசுவாரு. நாங்களும் கைதட்டுனோம். அப்புறம் ஒரு ஆணி குத்துச்சு. கடைசி காலத்துல, செருப்புக் கடை முதலாளி அவரு, அவருக்கு ஒத்தை செருப்பு போதும்னு ஆயிடுச்சும்மா. இன்னொண்ணு இன்னும் புதுசாவே எங்க கடையில கெடக்குது."

மல்லிகா அவரைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

தண்ணீர் ஊற்றிய அதே லோடு ஆட்டோவில், காலி டிரம்மைப் பிடித்துக்கொண்டு போனோம்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கண்ணாடித் துண்டை எடுத்து, புண்ணைச் சுத்தம் செய்தார். பிறகு தூண்டில் நரம்பு மாதிரி மெல்லிய நைலான் நூல் ஒன்றை எடுத்தார். "கண்ணை மூடிக்குங்கம்மா. நான் தொடும்போதெல்லாம் தொட்டுட்டேன்னு சொல்லணும்" என்றார். மல்லிகா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டாள். டாக்டர் புண் இல்லாத இடங்களாகப் பார்த்துத் தொட்டார். பெருவிரலில், சுண்டுவிரலில், பாதத்தின் ஓரத்தில், நூல் வளையும்வரை அழுத்தித் தொட்டார். இன்னொரு காலிலும் தொட்டார். நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது.

மல்லிகா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர்?"

என் வாழ்க்கையில் அதைவிடப் பயங்கரமான ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை. வாசலில் நின்றிருந்த பாய் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

ரத்தப் பரிசோதனையில் பி-12 மிகவும் கம்மி என்று வந்தது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சர்க்கரை தனியாகவே நரம்பைக் கெடுக்கும். பி-12 இல்லாவிட்டாலும் நரம்பு கெடும். இவளுக்கு இரண்டும் சேர்ந்திருக்கலாம். இவள் சாப்பிடும் சர்க்கரை மாத்திரையை வருஷக்கணக்காகச் சாப்பிட்டால் சிலருக்கு அந்தச் சத்து உடம்பில் சேர்வது குறையும். அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது; அளவைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும். பி-12 கறி, மீன், முட்டை, பால், தயிரில்தான் கிடைக்கும். காய்கறியில் கிடைக்காது.

"இவங்க எதை சாப்பிடறாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து குரல் வந்தது.

"பாலை நிறுத்தச் சொன்னது நான்தான் டாக்டர். வெஷம்னு சொன்னேன். நான்தான் சொன்னேன்."

பாய் அழுதுகொண்டே உள்ளே வந்துவிட்டார். டாக்டர் இன்னும் மஞ்சளாகவே இருந்த அவருடைய உள்ளங்கைகளைப் பார்த்தார், ஏதோ புரிந்துகொண்டார்.

"ஐயா, பாலும் வெஷம் இல்ல, கேரட்டும் மருந்து இல்ல. அளவா சாப்பிட்டா எல்லாமே சாப்பாடுதான்."

"வாழைப்பழம் டாக்டர்?" என்றார் பாய், கண்ணீருக்கு நடுவில்.

நான் மட்டும் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. "டாக்டர், கால்ல உணர்ச்சி திரும்புமா?" என்றேன்.

"பி-12 இல்லாம போனது ஊசி போட்டா திரும்ப வாய்ப்பு இருக்கு. சர்க்கரையால போனது கஷ்டம். எது எவ்வளவுனு இப்ப என்னால சொல்ல முடியாது சார். அதுவரைக்கும் வீட்டுக்குள்ளகூட வெறுங்கால் கூடாது. தினமும் உள்ளங்காலைப் பாத்துக்கணும்."

சொல்ல முடியாது என்ற அந்த ஒரு வார்த்தையோடுதான் அடுத்த பல மாதங்கள் குடித்தனம் செய்தோம். புண் ஆறுமா, பழுத்துவிடுமா என்று தினமும் அவள் பாதத்தைக் கையில் ஏந்திப் பார்ப்பேன். கல்யாணமான புதிதில்கூட நான் அவள் காலை அவ்வளவு பார்த்ததில்லை. காலையில் கண் விழித்ததும் என் நினைப்பில் வருவது பாய் கடையில் கிடக்கும் அந்தப் புதுச் செருப்புதான்.

தெரு தன் வேலையைச் செய்தது. பக்கத்து வீட்டு அம்மாள் காலைத் தொடுவதை நிறுத்திக்கொண்டாள். ஹால் டிக்கெட் வருவது நின்றது. எனக்கும் டீக்கடையில் மற்றவர்களோடு டீ வந்தது. மல்லிகாவுக்கு அதில் வருத்தம் இல்லை. வேறு வருத்தம் இருந்தது. ஒரு சாயங்காலம் மலையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அவன் என்னைத் தாங்கினான்னு எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா? அதுகூட இல்லாம போச்சே."

நான் அவள் காலடியில் கிடந்த செருப்பை நேராக வைத்தேன்.

பாய் மட்டும் விடவில்லை. பாலை விஷம் என்று சொன்ன அதே மனிதர், தினமும் காலையில் தூக்குவாளியில் தயிரோடு எங்கள் வாசலில் நின்றார். டீக்கடைக்காரரிடமே போய் மன்னிப்புக் கேட்டு, பால் வாங்கி, வீட்டில் உறை ஊற்றியதாம். ஆம்பூரிலிருந்து சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பை வரவழைத்துத் தன் கையால் அளவு பார்த்துப் போட்டுவிட்டார். "செருப்பு போட்டுக்கிட்டு கிரிவலமா? செத்தாலும் மாட்டேன்" என்று மல்லிகா குதித்தாள்.

பாய் பயந்து பயந்து சொன்னார். "அம்மா, நான் சொல்லக் கூடாது. ஆனா அவரு மலையா நிக்கிறவரு. உங்க கால்ல என்ன இருக்குதுனா குனிஞ்சு பாப்பாரு?"

ராஜகோபுரத்தடியில் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த பௌர்ணமிக்கு அவள் செருப்போடு நடந்தாள். முறைத்தவர்களை நான் முறைத்தேன்.

ஊசி போட்டுக்கொண்டே இருந்தோம். புண் ஆறியது. ஆனால் கால் கல்லாகவே இருந்தது. "சார், கால் எப்படி?" என்று பலகை வழியே கண் கேட்கும். "அப்படியேதான் பாய்" என்பேன். அந்தப் பக்கம் பெருமூச்சு வரும். ஒரு கட்டத்தில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டுச் சும்மா பார்க்க ஆரம்பித்தார். நானும் தலையை மட்டும் ஆட்டினேன்.

அடுத்த பங்குனி வெயில். ஒரு மதியம் மல்லிகா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். போகிற வழியில் பாய் கடையில் செருப்பைக் காட்டலாம் என்று படியோரம் கழற்றினாள். பழக்க தோஷத்தில் வலது காலைக் கருங்கல் படியில் வைத்தாள்.

"ஐயோ! சுடுது!"

நான் சோற்றுக் கையோடு வெளியே ஓடினேன். பாய் உள்ளேயிருந்து பாய்ந்து வந்தார். மல்லிகா ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய நின்றிருந்தாள்.

"என்னம்மா சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க!"

"சுடுது பாய்! நல்லா சுடுது! அப்பா, என்னா சூடு!"

பாய் நடுத்தெருவில் நின்று இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். பிறகு அங்கேயே கத்த ஆரம்பித்தார். "சுடுதாம்! அம்மாவுக்குச் சுடுதாம்!" பூக்கடைக்காரர், ஆட்டோக்காரர்கள், டீக்கடைக்காரர் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு முன்னால் அவர் சட்டையைப் பிடித்தவர்கள்தான். தள்ளுவண்டிக்காரரிடம் பாய் நேராகப் போனார். ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து உரித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார், என்ன ஆகப்போகிறதோ என்று. ஒன்றும் ஆகவில்லை.

மல்லிகா அன்று மாலை கோபுரத்தைப் பார்த்து நின்று சொன்னது எனக்குக் கேட்டது. "இப்பத்தான்யா நீ தொட்டே."

வலது கால் மெல்ல மெல்லத் திரும்பியது. இடது கால் மட்டும் வரவில்லை. அது சர்க்கரையால் போனதாக இருக்கலாம், இனி எதிர்பார்க்காதீர்கள் என்றார் டாக்டர். அந்தப் பயம் எங்களோடு வீட்டில் ஒரு ஓரமாகக் குடியிருக்கப் பழகிக்கொண்டது.

பாய் போன வருஷம் கடையைக் கொடுத்துவிட்டு ஆம்பூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். பலகை அப்படியே இருக்கிறது. இடைவெளியில் இப்போது காற்று மட்டும் வருகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் தவறாமல் போன் வரும். வணக்கம் கிடையாது, நலமா கிடையாது. "சார், சுடுதா?" அவ்வளவுதான். மல்லிகா மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து, ஒரு காலைச் செருப்பிலிருந்து எடுத்துத் தரையில் லேசாக வைத்துப் பார்த்துவிட்டு, "சுடுதுனு சொல்லுங்க" என்பாள்.

நேற்று ஞாயிறு, காலையிலிருந்து மழை. போன் வந்தது. மழையில் எது சுடும், என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நான் மாடிப்படியை எட்டிப் பார்த்தேன். மல்லிகா ஈரத் தரையில் இடது காலை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க" என்றாள் மெதுவாக. "ஜில்லுனு இருக்குதுனு சொல்லுங்க."

"எந்தக் கால்?"

இடது காலின் சுண்டுவிரலை மட்டும் தொட்டுக் காட்டினாள்.

நான் போனில் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. பிறகு பாய் பதறினார்.

"யா அல்லா! ஈரத்துல என்னா சார் வேலை? மொதல்ல அவங்களைச் செருப்பு போடச் சொல்லுங்க. சளி புடிச்சுக்கும், சளி புடிச்சா காய்ச்சல், காய்ச்சல் வந்தா சுகர் ஏறும்..."

நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். பயப்படட்டும். எங்கள் கால்களுக்காக ஆம்பூரில் அவர் பயந்துகொண்டிருக்கிறார் என்ற தைரியத்தில்தான் நாங்கள் இங்கே நிம்மதியாகத் தூங்குகிறோம்.